பட்டையை உரி, வெள்ளையை முதலில் எரி

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடை முடிந்து திரும்பும்போது, என்னோடு ஒரே ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டிய நண்பர் வீட்டு வாசலில் ஒரு காட்சி. சாணார்பட்டியில் அவருடைய தம்பி தோட்டத்தில் சாய்ந்த புளியமரத்தை விறகாக்கி ஒரு டிராக்டர் லோடு இறக்கியிருந்தார்கள். அதற்குக் கூலிக்கு ஒரு ஆள். கையில் கோடாலி இல்லை, தச்சர் வைத்திருக்கும் வாச்சி. ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் பட்டையைச் சீவி, அதோடு நிற்காமல் அடியில் இருக்கும் வெள்ளை மரத்தையும் செதுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மலை மாதிரி வெள்ளைச் சிராய். இன்னொரு பக்கம் சுண்டைக்காய் வற்றல் மாதிரி கொஞ்சம் கறுப்புக் கட்டை.

"என்ன சார் இது, கோயில் கதவு செய்யப் போறீங்களா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது சார். வெளிநாட்டுல சட்டமே இருக்கு. பட்டையையும் அரை இஞ்ச் மரத்தையும் எடுத்துட்டுத்தான் விறகை வைக்கணும். இல்லாட்டி வண்டு வரும். வீடியோவுல பார்த்தேன்" என்றார்.

வாசலில் நின்றபடி அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். அவருக்கு மட்டுமில்லை. அவருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பெருங்கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். அந்தக் கூட்டம் சொல்வது: "பட்டையும் எரியத்தானே செய்யும், உரிச்சு என்ன ஆகப்போகுது?" நம் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்தக் கட்சி. என் நண்பர் ஒரு சிராய் மூட்டையோடு நிற்கும் தனிக் கட்சி. இரண்டு கட்சியும் தப்பு என்பது என் வாதம்.

எனக்கு இதில் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். என் அப்பா நாகல் நகர்ப் பக்கம் ஒரு விறகுக் கடையில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் அங்கேதான் உட்காருவேன். பெரிய தராசு, ஒரு தட்டில் எடைக்கல், இன்னொரு தட்டில் விறகு. முள் விறகு தனி, புளி தனி, வேம்பு தனி. வாடிக்கையாளர் வந்து ஒரு கட்டையை எடுத்து இன்னொரு கட்டையில் தட்டிப் பார்ப்பார். காய்ந்தது 'டங்'கென்று கேட்கும். ஈரம் இருந்தால் 'தொப்'பென்று கேட்கும். தட்டத் தெரியாதவர் தலையில் 'தொப்'பைக் கட்டுவார்கள். சில கடைகளில் சாயங்காலம் விறகின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள், தூசி அடங்குவதற்காம். தூசி எதற்கு அடங்க வேண்டும் என்பது தராசுக்குத் தெரியும்.

எடைக்கு வாங்கும் பொருளில் பட்டை என்பது என்ன? நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கோணிப்பை. கட்டையில் பத்தில் ஒரு பங்கு பட்டை என்று வைத்துக்கொண்டாலும், நூறு கிலோவுக்குப் பத்து கிலோ. எரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்மரத்தைவிடப் பல மடங்கு சாம்பல் விடும். மண்ணும் மணலும் அதில்தான் ஒட்டியிருக்கும். அடுப்பில் பட்டை கனன்று மூடிக்கொண்டு, ஊதாங்குழலை எடுக்கவைக்கும்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் தண்ணீர்.

பட்டை என்பது மரத்துக்கு மழைக்கோட்டு மட்டுமில்லை, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் காக்கும் உறையும் அதுதான். சித்திரை வெயிலில் மரம் கருகாமல் நிற்பது அதனால்தான். வெட்டிப் போட்ட கட்டைக்கு அந்த உறை எதற்கு? உருட்டுக் கட்டையைப் பட்டையோடு அடுக்கினால் இரண்டு முனை வழியாகத்தான் பெரும்பாலும் காயும். மேலே பார்க்க ஆறு மாதம் காய்ந்த மாதிரி இருக்கும். நடுவில் பிளந்து பாருங்கள், கையில் குளிர்ச்சி தெரியும். அதே கட்டையைப் பிளந்து, பட்டையை உரித்து, தரையில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டை கொடுத்து, காற்று போக இடம் விட்டு அடுக்கினால் நம் ஊர் பங்குனி, சித்திரை வெயிலும் பின்னால் வரும் ஆடிக் காற்றும் வேலையை முடித்துவிடும். ஐப்பசி மழைக்குள் 'டங்'கென்று சத்தம் வந்துவிட வேண்டும். இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்னால் காயாதது அந்த வருஷம் காயாது.

பச்சை விறகில் எடைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலேகூடத் தண்ணீர் இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் சூடு வேண்டும். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு கொடுப்பதே சுமார் 4,000. கணக்குப் போட்டால் இந்த நஷ்டம் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் வரும். 'அவ்வளவுதானா' என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நஷ்டம் சூட்டில் இல்லை, புகையில் இருக்கிறது. ஈரம் தீயைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த தீ மரத்தின் ஆவியை முழுதாக எரிக்காமல் புகையாக வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் புகை எங்கே போகும்? அடுப்புக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குள் போகும்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அம்மா.

விறகுக் கடைக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு நல்ல விறகா வரும்? விற்காமல் கிடந்தது வரும். பட்டை தொங்கும் உருட்டுக் கட்டை, ஈர முண்டு, முடிச்சு விழுந்து பிளக்க முடியாதது. முதலாளி அதைச் சலுகையாகக் கொடுத்தார், அப்பா அதைச் சலுகையாகவே எடுத்துக்கொண்டார். அம்மா காலை நாலரைக்கு ஊதாங்குழலோடு உட்கார்வார். எங்கள் அடுப்படியில் ஜன்னல் என்பது ஒரு முழம் அகலம். அம்மாவின் கண் எப்போதும் சிவந்தேதான் இருக்கும். அவர் அழுகிறாரா புகையா என்று எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்கும் அது சில நாள் வசதியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அறுபது வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா பீடி, சுருட்டு ஏதாவது குடிப்பாங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கக் கால்மணி நேரம் ஆனது. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நான் அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு 32 லட்சம் தெரியவில்லை, ஒரு ஜன்னல்தான் தெரிந்தது.

உரித்த விறகாக இருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்ல மாட்டேன். காய்ந்த விறகும் புகைக்கும், குறைவாகப் புகைக்கும். கேஸ் அடுப்புதான் சரியான பதில். 2007-ல் அரசாங்கம் இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டது பெண்கள்தான். முணுமுணுத்தது எல்லாம் 'விறகடுப்புச் சோறு ருசியே வேற' என்று திண்ணையில் உட்கார்ந்த நாம்தான். ஆனால் விறகு போய்விடவில்லை. சிலிண்டர் விலை ஏறினால் மறுபடி அடுப்படிக்கு வருகிறது. பிரியாணிக் கடை, கல்யாண மண்டபம், கோயில் அன்னதானம், மொட்டை மாடி வெந்நீர் அடுப்பு, எல்லாவற்றிலும் அதுதான். விறகு எரியும் வரைக்கும் அதன் முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார். பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் பனியனோடு நிற்கும் அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை?

இப்போது 'பட்டை மழையிலிருந்து காப்பாத்தும்' என்பார்கள். திறந்தவெளிக் குவியல் என்றால் மேல்வரிசை மட்டும் பட்டையை மேலே பார்க்க வைத்து அடுக்குங்கள், சண்டை போட மாட்டேன். ஆனால் நாலு தகரம் போட முடியாதவர் விறகை ஒரு வருஷத்துக்கு ஏன் சேர்த்து வைக்க வேண்டும்? 'உரிக்கக் கூலி யார் கொடுக்கிறது' என்பார்கள். பச்சையாக இருக்கும்போதே, வெட்டிய அன்றைக்கே சொன்னால் கூலி பெரிதாக வராது. கோடாலியின் பின்பக்கத்தால் சுற்றித் தட்டினால் பட்டை கழன்று நார் நாராக வரும். சீமைக்கருவேலம் பட்டை கயிறு மாதிரி வரும். இரண்டு வாரம் போனால் அதுவே கட்டையோடு கவ்விக்கொள்ளும். அப்புறம் உரிக்கச் சொன்னால் அந்த ஆள் உங்களைத் திட்டுவது நியாயம். மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே உள்ள சுள்ளிக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லை. தோட்டத்து வரப்பில் சுள்ளி பொறுக்கும் அம்மாவிடம் போய் நான் பட்டைப் பிரசங்கம் செய்ய மாட்டேன். அவருக்கு அது மூன்று வாரத்தில் காய்ந்துவிடும்.

ஒரு காலத்தில் பட்டைக்குத் தனி மரியாதை இருந்தது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள் முழு வீச்சில் நடந்தபோது ஆவாரம் பட்டை மூட்டை மூட்டையாக வரும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்த அதுதான். பிறகு வாட்டில் பட்டை வந்தது. அந்தப் பட்டைக்காகவே கொடைக்கானல் மலையில் வாட்டில் காடு போட்டார்கள். மலைமேல் புல்வெளி போனதற்கு அதுவும் ஒரு காரணம், அது வேறு கட்டுரை. பட்டைக்கு விலை இருந்ததால் கட்டை உரிபட்டே வந்தது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் காகித ஆலைக்குப் போகும் தைலமரத்தைப் பாருங்கள், வெட்டிய இடத்திலேயே உரித்து வழவழவென்று லாரியில் ஏற்றுகிறார்கள். ஆலைக்காரன் பட்டைக்குக் காசு கொடுக்க மாட்டான். நாம் மட்டும் கொடுக்கிறோம்.

அடுத்தது பூச்சி. என் நண்பர் வாச்சியைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

அவர் பார்த்த வீடியோ பொய்யில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2002-ல் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை நிற வண்டைக் கண்டுபிடித்தார்கள். அங்கே உள்ள ஆஷ் என்ற மரத்தை அது கோடிக்கணக்கில் கொன்றது. அதன் புழு பட்டைக்கு அடியிலேயே வளைந்து வளைந்து தின்னும், பிறகு வெளிமரத்தில் கொஞ்ச ஆழம் போய்க் கூடு கட்டும். விறகு வண்டியில் ஏறி ஊர் ஊராகப் பரவியது. அதனால் அந்த விறகைத் தடை எல்லைக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் பட்டையையும் அதற்கு அடியில் அரை அங்குல மரத்தையும் நீக்குவது ஒரு வழி என்று வைத்தார்கள். கூடு இருக்கும் ஆழம் அரை அங்குலத்துக்குள் அடங்கும் என்பதுதான் கணக்கு. 2021-ல் மத்திய அரசுத் தடையையே எடுத்துவிட்டார்கள், வண்டு எல்லாப் பக்கமும் போய்விட்டது. கப்பலில் போகும் மரப்பெட்டிகளுக்கும் உலக அளவில் ஒரு விதி உண்டு: பட்டை நீக்கிய மரமாக இருக்க வேண்டும், நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைப்பது அதில் ஒரு வழி.

இதெல்லாம் எதற்கு? ஒரு காட்டுப் பூச்சி இன்னொரு காட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு. சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வரும் புளி விறகுக்கு எல்லைச் சோதனை எதற்கு? சாணார்பட்டி வண்டு நம் ஊர் வண்டுதான், வெளிநாட்டு விருந்தாளி இல்லை.

நம் வீட்டு விறகைத் தின்பது இரண்டு கோஷ்டி. ஒன்று, பட்டையில் முட்டையிட்டு அதற்கு அடியில் சுரங்கம் போடுவது. பட்டையை வெட்டிய கையோடு உரித்துவிட்டால் இதற்குக் குடியிருப்பே இல்லை. இரண்டாவது, மாவு கொட்டும் வண்டு. ராத்திரி கரகரவென்று சத்தம், காலையில் தரையில் மைதா மாதிரி தூள். இதுக்குப் பட்டை தேவையில்லை. இது தேடுவது வெள்ளை மரத்தில் இருக்கும் மாவுச்சத்தை. வைரம் பாய்ந்த கட்டையை அது தொடாது. மூங்கிலையும் தென்னையையும் நம் ஆட்கள் குளத்தில் ஊறப்போட்டதும் அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை, வீட்டில் அமைதி வேண்டும்.

ஆக, வெள்ளைதான் உளுக்கும். அது வரை நண்பர் சொல்வது சரி. தச்சர் கதவுக்கும் நிலைக்கும் வெள்ளையை ஒதுக்கி வைரத்தை எடுப்பதும் அதனால்தான். கதவு அறுபது வருஷம் நிற்க வேண்டும். விறகு? அது நிற்பதற்கு இல்லை, எரிவதற்கு. புளியமரத்தில் பெரும் பங்கு வெள்ளைதான், நடுவில் கொஞ்சமாகத்தான் கறுப்பு. அந்த வெள்ளையைச் செதுக்கி எறிந்தால் விறகையே எறிந்த மாதிரி. ஒரு டிராக்டர் லோடு வாங்கி அரை டிராக்டரைக் குப்பையில் போட்டு, அதற்கு ஆளுக்குக் கூலியும் கொடுத்து! அதுவும் வாச்சி பட்ட சில்லு இன்னும் நன்றாகக் காயும், நன்றாகப் பற்றும். அதைப் போய்த் தூரப் போடுவதா?

செய்ய வேண்டியது வாச்சி வேலை இல்லை, பிரித்து வைக்கும் வேலை. உரித்துப் பிளந்தபின் வெள்ளை அதிகம் உள்ளதை முன்வரிசையில் வையுங்கள், முதலில் அதை எரியுங்கள். கறுப்புக் கட்டையும் சீமைக்கருவேல வைரமும் பின்வரிசை. அது அடுத்த வருஷம் வரை காத்திருக்கும். உரித்த பட்டையை அடுக்குக்குப் பக்கத்தில் குவிக்காதீர்கள், கரையானுக்கு அதுதான் முதல் பந்தி. வெயிலில் பரப்பி, மொரமொரவென்று காய்ந்ததும் அந்த வாரமே வெந்நீர் அடுப்பில் தீர்த்துவிடுங்கள்.

இதை இவ்வளவு சூடாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரிட்டயர் ஆன புதிதில் நானும் 'விறகடுப்பு வெந்நீர்' மோகத்தில் ஒரு லோடு வாங்கி, உரிக்காமல், பிளக்காமல், மாடிப்படிக்கு அடியில் அடுக்கினேன். விறகுக் கடைப் பிள்ளை செய்த வேலை! இரண்டு மழை கழிந்து எடுத்துப் பார்த்தால் பட்டை தனியாகக் கழன்றது, அடியில் சுரங்கம், தரையில் மாவு. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. படிக்குப் பக்கத்தில்தான் அப்பாவின் சாய்வு நாற்காலி. நாட்டு மரம், ஓரமெல்லாம் வெள்ளை. அதன் கால்களில் குண்டூசித் துளை. துணியால் துடைத்தால் மறுநாளும் தூள். மண்ணெண்ணெய் ஊற்றினேன், வெயிலில் வைத்தேன். ஒரு நாள் பேரன் ஏறி உட்கார்ந்தான், பின்கால் உட்கார்ந்துவிட்டது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியை நான்தான் உடைத்து அடுப்பில் வைத்தேன். காய்ந்த மரம், நன்றாகவே எரிந்தது.

நேற்று சாயங்காலம் நண்பர் வீட்டுக்கு மறுபடி போனேன். வாச்சி ஆள் இன்னும் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் கூலி. இவ்வளவையும் சொன்னேன். மிச்சிகன், மாவுச்சத்து எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம் சார். ஆனா பாதிக்கு மேல சீவியாச்சு. இப்ப நிறுத்தினா பார்க்க ஒரே மாதிரி இருக்காதே" என்றார்.

"சரி. அந்தச் சிராயை என்ன செய்யப் போறீங்க?"

"குப்பை வண்டிக்குத்தான்."

வீட்டுக்கு வந்து இரண்டு சாக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது சாக்குக்கு இன்றைக்குக் காலையில் அவரே போன் செய்தார்.